பதினொரு மில்லிமீட்டர்

சீட் ஒரு நூலளவு வலப்பக்கம் சாய்ந்தது. பிரிசில்லா மோத்தா அதை உணரவில்லை. உணரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

முள்ளக்காடு உப்பளங்களைத் தாண்டி, எதிர்க்காற்றில் முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே ஒத்தியங்கி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பார்க்கச் சாதாரணப் பந்தய சைக்கிள்தான். சீட்டுக்கு அடியிலும், ஹேண்டில்பார் கழுத்திலும், பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்குகளிலும் கொட்டைப்பாக்கு அளவில் மோட்டார்கள். அவளுடைய இடுப்பிலும் தொடைகளிலும் ஒட்டியிருந்த வில்லைகள் முன்வலியைப் படித்து அந்த மோட்டார்களுக்குச் சொல்லும். முன்வலி என்பது வலி இல்லை. தசை முறுக்கத் தொடங்கி, அது மூளைக்குப் போய் வலியாவதற்கு முன்பு அரை விநாடி இருக்கிறது. அந்த அரை விநாடிக்குள் வண்டி தன்னை நகர்த்திக்கொள்ளும். வலி பிறக்காமலே போய்விடும்.

பத்து வருடங்களுக்கு முன்புவரை சைக்கிள் பந்தயக்காரர்கள் முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வெளியே சொல்லக் கூசும் மரத்துப்போதல்களோடும் வாழ்ந்தார்கள். பொருத்தகத்தில் பாதி நாள் உட்கார்ந்து, சீட்டை ஏற்றி இறக்கி, உடம்புக்கு வண்டியைப் பொருத்திக்கொண்டு வருவார்கள். இரண்டு மாதத்தில் உடம்பு மாறிவிடும், வண்டி மாறாது. ஒத்தியங்கி அந்தத் தொல்லையை ஒழித்தது. ஒரே ஒரு நாள் காலையில் பொருத்தகத்தில் உடற்பதிவு எடுத்துக்கொண்டால் போதும். அதன்பிறகு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் பொருத்தம்தான். நான்கு வருடம் கழித்துப் பந்தயங்களை நடத்தும் சம்மேளனம் அதைச் சட்டமாக்கியது. முத்திரை வைத்த ஒத்தியங்கி இல்லாமல் எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது.

ரோச் பூங்கா அருகே பிரிசில்லா இறங்கினாள். வலது காலைத் தரையில் ஊன்றினாள். இடது கால் வரவில்லை.

கால் இருந்தது. கிள்ளினால் தெரிந்தது. கூப்பிட்டால்தான் வரவில்லை. மூன்று மாதம் முன்பு முதல்முறை இப்படி ஆனபோது ஒரு நிமிடத்தில் சரியானது. போன மாதம் மூன்று நிமிடம். இன்றைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு நிமிடம். அதுவரை காலைப் பக்கவாட்டில் வீசி வீசித்தான் நடக்க முடிந்தது. வலி மட்டும் இருந்திருந்தால் எதையாவது எடுத்துத் தடவியிருப்பாள். வலி இல்லை.

டிரையத்லானில் முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளிலிருந்து இறங்கிய காலோடு ஓட வேண்டும். இன்னும் இருபத்துமூன்று நாட்களில் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே தேர்வுப் போட்டி. பெண்களில் முதல் மூன்று பேர் ஆசியப் போட்டிக்குப் போவார்கள். பிரிசில்லா இரண்டு தடவை நான்காவதாக வந்திருக்கிறாள். முப்பத்தைந்து நிறைந்தவர்களை அணியில் புதிதாகச் சேர்ப்பதில்லை. அவளுக்கு அக்டோபரில் நிறைகிறது. இது தவறினால் துறைமுகத்தில் கிரேன் இயக்கிக்கொண்டு, கண்ணாடிக்கூண்டுக்குள் உட்கார்ந்தே வயதாகலாம்.

நேராகப் பாளையங்கோட்டை சாலைப் பொருத்தகத்துக்குப் போனாள்.

பொருத்துநர் பேச்சிமுத்து அவளோடு பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மூடி வைக்கும் ரகம். பொருத்துநர் என்ற பெயருக்கு, வில்லைகளை ஒட்டி, பொத்தானை அழுத்தி, முத்திரை வைப்பான். அவ்வளவுதான் வேலை.

“என்னட்டி, ஒரு கால வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?”

“வாயக் கழுவுல. வண்டியப் பாரு.”

அவன் வண்டியைத் தாங்கியில் மாட்டித் திரையைப் பார்த்தான். “வண்டிக்கு என்ன, ராணி மாதிரி இருக்கு. முன்வலி சுழி. ஆறு வருசமா பூச்சியம்தான். ஊர்லயே சுத்தமான பதிவு உன்னுதுதான்.”

“அப்ப எனக்குத்தான் கோளாறுங்கே?”

“நான் எங்க சொன்னேன்? திரைதான் சொல்லுது.”

“மொத நாள் அளவு இருக்கும்லா? அதைக் காட்டு.”

“அதை எதுக்குக் கேக்கே? ஒருத்தரும் கேட்டதில்ல.” தேடினான். எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்து முதல் நாள் அளவைச் சிவப்புக் கோட்டிலும் இன்றைய அளவைப் பச்சைக் கோட்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டான்.

சீட் பத்தொன்பது மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்து சாய்ந்திருந்தது. ஹேண்டில்பார் நான்கு பாகை திரும்பியிருந்தது. இடது கிராங்க் வலதைவிடப் பதினொரு மில்லிமீட்டர் குட்டை.

“இது சைக்கிளா, லாரி ஏறி எறங்குனதா?” என்றாள் பிரிசில்லா. “எப்ப இப்படி மாத்துச்சு?”

“தெனமும்தான். கிராங்கு மட்டும் ஒரு நாளைக்கு அஞ்சு மைக்ரான். தலமுடில பத்துல ஒரு பங்குகூட இருக்காது.” அவன் பதிவைப் பின்னோக்கி உருட்டினான். “இடது இடுப்பு லேசா இறுகியிருக்கு. அது நோகக் கூடாதுன்னு வண்டி கிராங்கைச் சுருக்கியிருக்கு. சுருக்குனதும் அந்தக் காலுக்கு வேல கம்மி. வேல கம்மியானதும் கால் சவங்கிப் போச்சு. சவங்குன காலு நோகக் கூடாதேன்னு இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கு. அது குடுத்துக்கிட்டே இருந்திருக்கு, நீ வாங்கிக்கிட்டே இருந்திருக்கே.”

“மொதல்ல ஏன்ல இறுகுச்சு?”

முதல் நாள் பதிவைப் பெரிதாக்கினான். இடது இடுப்பின் கோடு தட்டையாக, அசைவில்லாமல் கிடந்தது. “அன்னைக்கு உன் இடுப்பு செத்துல்லா கிடந்திருக்கு. என்னட்டி செஞ்சே?”

செய்தது என்னவென்று அவனுக்கே தெரியும். பந்தயக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு மரியாதை. தாழ்வாக இருந்தால் காற்று குறைவாக அடிக்கும் என்பது பாதிக் காரணம். பக்கத்தில் நிற்பவனுடைய வண்டியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது மீதி. இடுப்பு வளைந்து கொடுத்தால்தான் இயந்திரம் அதைத் தாழ்த்தும். அதனால் பதிவுக்கு வரும் காலையில் எல்லாரும் வெந்நீரில் இடுப்பை ஊறவைத்து, இரண்டு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு வருவார்கள். வலிக்கிறதா என்று இயந்திரம் ஆராயும்போது உடம்பு வலிக்கவில்லை என்று சொல்லும். பிரிசில்லா மூன்று மாத்திரை போட்டிருந்தாள். அந்த மரத்த இடுப்பை நம்பி இயந்திரம் வைத்த தாழ்வில்தான் அது இறுகத் தொடங்கியிருந்தது.

“எல்லாரும்தானல போட்டாக,” என்றாள்.

“எல்லாரும்தான். நானும் பாத்துக்கிட்டுதான இருந்தேன். சட்டப்பைல மாத்திர அட்ட துருத்திக்கிட்டு நிக்கும்.” பேச்சிமுத்து மூக்கைச் சொறிந்தான். “அதுதான் சிக்கலே. மிஷினு மொதப் பத்தாயிரம் பதிவ வச்சுத்தான் மனுச ஒடம்புன்னா என்னன்னு படிச்சிருக்கு. பத்தாயிரமும் மாத்திரப் போட்ட ஒடம்பு. மரத்துப் போனதுதான் மனுச ஒடம்புன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. நல்ல ஒடம்பு ஏதாவது சொன்னா, அதுக்கு அது கோளாறு. சரிபண்ணிரும்.”

“மொத நாள் அளவுக்கு மாத்திக் குடு.”

“முத்திரைய ஒடைச்சா எனக்கு வேல போச்சு, உனக்கு உரிமம் போச்சு. மாத்துனாலும் அந்த அளவே பொய்தான?”

பின்கட்டில் ஓர் அளவுச் சட்டம் கிடந்தது. சக்கரமில்லாத, மோட்டார் இல்லாத, எல்லாத் திருகையும் கையால் திருகி நிறுத்தும் சைக்கிள் எலும்புக்கூடு. பேச்சிமுத்து அதில் துண்டு காயப்போட்டிருந்தான். இருவருமாக இழுத்து வந்து, இரண்டு கிராங்கையும் ஒரே நீளத்தில் வைத்து, சீட்டை நடுவில் நிறுத்தினார்கள். அவள் வில்லைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

பத்துச் சுற்று தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேச்சிமுத்துவின் அப்பாவை, தாத்தாவை, அவர்களுக்கும் முந்திய தலைமுறைகளை வரிசையாக இழுத்துத் திட்டினாள்.

“எங்கட்டி வலிக்கு?”

“இங்கன... இல்ல, கீழ... தெரியலல.”

அவளால் சொல்ல முடியவில்லை. ஆறு வருடமாக எந்த வலியும் அவள்வரை வந்து சேர்ந்ததில்லை. இப்போது வந்ததை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. வலிக்கும் இடத்தைக் கேட்டு எந்தத் திருகைத் திருக வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. சீட்டை ஏற்றினான், முழங்கால் கத்தியது. இறக்கினான், இடுப்பு கத்தியது. முன்னால் தள்ளியபோது அவள் காலை உதறி அவன் தாடையில் விட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். கிரேன் வேலை இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்கு அளவுச் சட்டத்தின்மேல் இருப்பாள். ஒத்தியங்கியைத் தொடவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடுவதாகப் பலகை மாட்டிவிட்டுப் பேச்சிமுத்து ஸ்பேனரோடு நிற்பான். ஒன்பதாவது நாள் அவள் மிதிப்பதை நிறுத்தி, இடது இடுப்பெலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு விரலை வைத்தாள்.

“இங்க. இந்த ஒரு எடத்துலதான்.”

“நெசமாவா?”

“நெசமா. மத்ததெல்லாம் சும்மா கூட சேந்து கத்திக்கிட்டு இருந்திருக்கு.”

பேச்சிமுத்து ஓடிப் போய் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தான். பாதியை அவனே தின்றான்.

அந்த இடத்தைப் பார்த்துச் சீட்டை நிறுத்தினார்கள். ஒவ்வொரு நாளும் இறங்கியதும் துறைமுகச் சாலையில் ஓடினாள். கால் முதலில் தயங்கியது, பிறகு நொண்டியது, பிறகு ஏச்சு வாங்கிய பிள்ளையைப் போல முறைத்துக்கொண்டே வந்தது. வலித்தது, ஆனால் வந்தது. பதினேழாம் நாள், சட்டத்தில் ஒரு மணி நேரம் மிதித்து இறங்கிய கையோடு பத்து கிலோமீட்டரை நாற்பத்துநான்கு நிமிடத்தில் ஓடி முடித்தாள்.

பேச்சிமுத்து போன வருடப் போட்டியின் நேரங்களை எடுத்துப் பார்த்தான். பெண்களில் மிக வேகமான ஓட்டம் ஐம்பத்தெட்டு நிமிடம். பத்து வருடங்களுக்கு முன்பு நாற்பதுக்குள் ஓடியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

“ஏட்டி, ஊர்ல ஒருத்திக்கும் கால் இல்ல,” என்றான். “சைக்கிள்ல நீ அஞ்சு நிமிசம் பின்னால போனாலும் சரி. எறங்குன பொறவு உன்னப் புடிக்க ஆள் கெடையாது.”

“போட்டி அன்னைக்கு இந்த மூதேவி மேலதான ஏறணும்?” ஒத்தியங்கியைக் காலால் தட்டினாள்.

“ஒண்ணேகால் மணி நேரம்தான. அதுக்குள்ள அது என்னத்தக் கிழிச்சிரும்? பல்லக் கடிச்சிக்கோ.”

போட்டியன்று நீச்சலை முடித்து வண்டியில் ஏறியதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினாள். பழைய கோணலிலேயே உறைந்திருந்த வண்டிக்கு இந்தப் புது இடுப்பு பிடிபடவில்லை. வில்லைகள் முன்வலி முன்வலி என்று அலறின. சீட் ஏறியது, இறங்கியது, படுக்க இடம் தேடும் நாயைப் போலச் சுற்றியது. எதைக் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பை நிறுத்தி மிதித்தாள். பழையகாயல் திருப்பத்தில் எட்டுப் பெண்கள் அவளுக்கு முன்னால் இருந்தார்கள். ஒன்பதாவதாக மாற்றுத்திடலுக்கு வந்தாள். முதல் ஆளுக்கும் அவளுக்கும் நான்கரை நிமிட இடைவெளி.

சைக்கிளை மாட்டிவிட்டு ஓட்டக் காலணிக்கு மாறும் இடம் மாற்றுத்திடல். இரண்டு தடவை அதே திடலில் அவள் அவசர அவசரமாகக் காலணி மாட்டியிருக்கிறாள். அப்போது அடுத்தவரைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. இப்போது பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வலது காலை உதறிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் காலணிக்குள் வைத்தாள். முதலில் வந்தவளே இன்னும் திடலைத் தாண்டவில்லை. தோளைச் சாய்த்து, காலை வீசி, வாயிலை நெருங்கிக்கொண்டிருந்தாள். யார் முகத்திலும் வேதனை இல்லை. மறதிக்காரர்கள் சாவியைத் தேடுவதைப் போல ஒரு குழப்பம் மட்டும் இருந்தது.

பிரிசில்லா காலணியை மாட்டி எழுந்தாள். இடது இடுப்பு சுரீரென்றது. கால் வந்தது. ஓடினாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சிமுத்து கத்தினான். “வந்துட்டுட்டி! கால் வந்துட்டு! போ, போ!”

நாலு பேரைத் திடலுக்குள்ளேயே தாண்டினாள். ஐந்தாவது ஆளாக வாயிலுக்கு வந்தாள். வாயில் மூடிக்கொண்டது.

அது ஒரு கதவு என்பதே யாருக்கும் நினைவில்லை. காயத்தோடு யாரும் ஓடக் கூடாது என்று சம்மேளனம் வைத்தது. உடம்பில் ஒட்டிய வில்லைகளை அது படிக்கும். முன்வலி இரண்டுக்கு மேல் இருந்தால் மூடும். ஒத்தியங்கியிலிருந்து இறங்கி வருகிற எல்லாருக்கும் எப்போதும் சுழிதான் என்பதால் அது மூடி யாரும் பார்த்ததில்லை. இரண்டு தூண் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இப்போது குறுக்கே ஒரு மஞ்சள் கை இறங்கி அவள் நெஞ்சில் இடித்தது. மேலே சிவப்பில் ஏழு என்று எரிந்தது.

வாயில் நடுவர் நாற்காலியிலிருந்து பதறி எழுந்து வந்தார். அவருக்கு இது முதல் அனுபவம்.

“என்னம்மா, உனக்கு வலிக்குது போலிருக்கே!”

“ஆமா சார், வலிக்கு. ஓடுனா வலிக்கத்தான செய்யும்? கதவத் திறங்க.”

“மத்தவங்களுக்கு வலிக்கலையேம்மா.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தாண்டி வந்த பெண்களில் ஒருத்தி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். கை உயர்ந்தது. பச்சையில் சுழி. அவள் தூணைப் பிடித்து மூச்சு வாங்கி, அந்தப் பக்கம் போனாள். பிரிசில்லா பின்னாலேயே நுழையப் பார்த்தாள். கை இறங்கியது.

“அவளப் பாருங்க சார், கால இழுத்துக்கிட்டுப் போறா!”

“இழுக்கலாம்மா. சுழி காட்டுதுல்ல?”

“நான் நேரா நிக்கேன் சார். ஓடிக் காட்டட்டுமா? இந்தா...” நின்ற இடத்திலேயே முழங்காலை மார்புவரை தூக்கித் தூக்கி ஓடிக் காட்டினாள். மேலே ஏழு எட்டானது.

“ஐயையோ, பண்ணாதம்மா, பண்ணாத! ஏறுது பார்!” நடுவர் உண்மையிலேயே பயந்துவிட்டார். நல்ல மனிதர், நெற்றி வியர்த்திருந்தது. “சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க!”

பேச்சிமுத்து தடுப்பின்மேல் ஏறிவிட்டான். “சார், நான் பொருத்துநர் சார்! அவளுக்கு ஒண்ணும் இல்ல சார்! அவளுக்கு மட்டும்தான் சார் ஒண்ணும் இல்ல!” இரண்டு காவலர்கள் அவனைக் காலைப் பிடித்து இறக்கினார்கள்.

இன்னும் ஒருத்தி சுழியோடு தாண்டிப் போனாள்.

மருத்துவக் கூடாரத்திலிருந்து நடுத்தர வயது செவிலி ஒருவர் ஓடி வந்தார். மேலே இருந்த எண்ணைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். “எட்டா! எப்படிப் பிள்ள தாங்கிக்கிட்டு நிக்கே? வா, வந்து உக்காரு.”

“உக்கார மாட்டேன் சிஸ்டர். உக்காந்தா போச்சு.”

“ஒண்ணும் போவாது. நாலே நிமிசம். தணிப்பான் வச்சிவிடுதேன், சுழிக்கு வந்துரும். பொறவு ஓடு, யார் வேண்டாம்னா?”

“வைக்காட்டி?”

செவிலி நடுவரைப் பார்த்தார். நடுவர் தரையைப் பார்த்தார். “ஆட்டத்துலருந்து எடுக்கணும்மா. விதி அப்படி.”

பிரிசில்லா நின்றாள். நான்கு நிமிடம். சாலையில் முதல் ஆள் அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டாள். ஓட்டத்தில் அவளுக்குப் பதினான்கு நிமிடம் கையில் இருக்கிறது. நாலு போனால் பத்து. பத்து போதும். மூன்றாவதாக என்ன, முதலாவதாகவே வரலாம். இந்த இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தால் எதுவும் இல்லை. கணக்கில் தப்பில்லை. உட்கார்ந்தாள்.

கூடாரத்து நாற்காலி அவளுக்குக் கீழே லேசாக நகர்ந்தது. இடது பக்கம் ஒரு நூல் ஏறி, இடுப்பின் பாரத்தை வாங்கிக்கொண்டது. செவிலி இடுப்பெலும்புக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில், உள்ளங்கை அளவுத் தணிப்பானை வைத்தார். எறும்பு ஊர்வதைப் போல மின்சாரம் ஊர்ந்தது. கத்திக்கொண்டிருந்த தசை முனகியது. ஆறு. நாலு. பிறகு சும்மா இருந்தது. இரண்டு. மூன்று வாரமாக அவள் தேடித் தேடிப் பழக்கிய அந்த ஓரிடம், யாரோ விளக்கை அணைத்ததைப் போல இல்லாமல் போனது.

“பாத்தியா? சுழி!” செவிலிக்கு அவ்வளவு சந்தோசம். முதுகில் தட்டினார். “போயிட்டு வா ராசாத்தி.”

மஞ்சள் கை உயர்ந்தது. நடுவர் கைதட்டினார். பிரிசில்லா எழுந்து வலது காலை வைத்தாள். இடது கால் வரவில்லை.

ஒரு கணம் நின்று பார்த்தாள். கூப்பிட்டாள். பிறகு அதைப் பக்கவாட்டில் வீசி, முன்னால் போட்டு, அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்து, மறுபடி வீசினாள். எங்கேயும் வலிக்கவில்லை.

கடற்கரைச் சாலை வெள்ளையாக எரிந்தது. தூரத்தில் பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தபடி அசைந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து அடி முன்னால் போன கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி அவள் காலடி ஓசை கேட்டுத் திரும்பினாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். பிரிசில்லாவின் காலைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள்.

“உங்களுக்கும் புடிச்சுக்குச்சுங்களாக்கா? எனக்கும்தானுங்க. இந்த ஊரு வெயிலுக்குத்தான் காலே வர மாட்டேங்குது.”

பிரிசில்லா வாயைத் திறந்தாள். ஒன்பது கிலோமீட்டர் எழுநூறு மீட்டர் பாக்கி இருந்தது.

“ஆமா,” என்றாள். “வெயிலுதான்.”